மலையேறும் சுகர் சித்தர்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்குக் கிளம்பும் கார்களில் ஏதாவது ஒன்றில் அவர் இருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஓய்வுக்கு நாலைந்து வருஷம் பாக்கி வைத்திருக்கும் அரசு அலுவலராகவோ, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவராகவோ இருப்பார். ஜடாமுடி கிடையாது, இருந்த முடியும் போய்விட்டது. கமண்டலம் இருக்க வேண்டிய கையில் வேங்கை மரக் குவளை. ருத்ராட்சம் இருக்க வேண்டிய மணிக்கட்டில், எத்தனை அடி நடந்தோம் என்று கணக்குச் சொல்லும் கடிகாரம். இவர்தான் சுகர் சித்தர்.

சர்க்கரை நோய் வந்தவர்கள் எல்லோரும் சித்தராகிவிட முடியாது. நோய் வந்தால் டாக்டரிடம் போய், மாத்திரை வாங்கி, சோற்றைக் குறைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பவர் வெறும் நோயாளி. நோய் வந்த மறுநாளிலிருந்து ஊருக்கே வைத்தியம் சொல்லத் தொடங்குபவர்தான் சித்தர். இவர் வெந்தயத்தில் தீட்சை பெற்றவர். கருஞ்சீரகம், ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி, சிறியாநங்கை, வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் என்று படிப்படியாக மேலேறினார். நடுவில் பேலியோ வந்தது. வெண்ணெயும் ஆட்டுக்கறியுமாகச் சில மாதங்கள் தவமிருந்தார். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்ததும் தவம் கலைந்தது. அப்புறம் சிறுதானியம். இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்ததே, அந்த ஆண்டு சித்தர் வீட்டில் இன்னும் முடியவில்லை.

வத்தல்மலைக்கு அவர் வருவதும் சாமைக்காகத்தான். சாமை, ராகி, மிளகு, காபி எல்லாம் விளைகிற மலை அது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அடியில் காபிச்செடி நிற்கும். ஏறிப்போக இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மலைக்கிராமங்களுக்குப் பேருந்து வந்தே சில வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அங்கே வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள் தலையில் சுமையோடு நடந்தே இறங்கி, நடந்தே ஏறினார்கள். நம் சித்தர் சாமையோடு நடைக்காகவும் மலைக்கு வருகிறார். ஆனால் காரில் ஏறுகிறார். உச்சியில் இறங்கி, சமதரையாகப் பார்த்து நாற்பது நிமிஷம் நடக்கிறார். அந்த நடை வாட்ஸ்அப்பில் "இன்றைய மலையேற்றம்" என்று பதிவாகும்.

நடை முடிந்ததும் டீக்கடை. "காபி, சர்க்கரை இல்லாம" என்பார், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. கூடவே ரெண்டு பஜ்ஜி. பஜ்ஜியில் யாரும் சர்க்கரை போடுவதில்லை என்பது அவர் கட்சி. கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லமாட்டார். மலைத்தேன் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்வார். "இது இயற்கை, உடம்புல ஏறாது" என்று கடைக்காரருக்கே பாடம் நடத்துவார். தேனில் ஏறக்குறைய எண்பது சதவீதம் சர்க்கரை என்பது தேனீக்களுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், சித்தருக்கு மட்டும் தெரியாது.

வீட்டுக்காரம்மாவைக் கேட்டால் வேறு கதை வரும். "சாமைச் சோறுதானேன்னு ரெண்டு தட்டு வாங்கிக்கிறாருங்க. உப்பைக் குறைக்கச் சொன்னா இந்துப்பு வாங்கியாந்தாரு. இந்துப்புதானேன்னு அதையும் ரெண்டு பங்கு போட்டுக்கிறாரு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல ராகிக் களி கிண்டினா, இது பட்டிக்காட்டுச் சாப்பாடுன்னு தட்டைத் தள்ளினவரு. இப்ப அதே களிக்கு ஓட்டல்ல நூறு ரூபா குடுத்துட்டு வந்து, எனக்குப் பெருமை பேசறாரு."

அம்மா சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. நூறு கிராம் சாமையில் சுமார் 65 கிராம் மாவுச்சத்து. அதே எடை வெள்ளை அரிசியில் சுமார் 78 கிராம். நார்ச்சத்தும் சேர்ந்திருப்பதால் சாமை உயர்ந்ததுதான், மறுப்பில்லை. ஆனால் ஒரு தட்டு இரண்டு தட்டானால் அந்த உயர்வெல்லாம் இரண்டாவது தட்டோடு போய்விடும். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். எந்த உப்பானாலும் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இமயமலை என்ற பெயரோடு வந்த உப்புக்கு அதில் சலுகை ஏதுமில்லை.

மாத்திரை என்றால் மட்டும் சித்தருக்கு ஆகாது. "இங்கிலீஷ் மருந்து எல்லாம் கெமிக்கல்" என்பார். மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகம் தெரிந்தால் ஆடிப்போவார். ஐரோப்பாவில் பழைய காலத்திலிருந்தே நாட்டு வைத்தியத்தில் புழங்கிய கலேகா என்ற செடியின் சத்தை ஆராய்ந்து போய்த்தான் அந்த வகை மருந்துகள் பிறந்தன. பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1957-ல் மெட்ஃபார்மினைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டு வெளியிட்டார். ஆக, சித்தர் தூக்கி எறிவது ஒரு மூலிகையின் பேரப்பிள்ளையை.

பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டால் அவர் ஒழுக்கத்தைப் பார்க்க வேண்டும். மூன்று நாளைக்கு முன்பே சோறு கிடையாது, பஜ்ஜி கிடையாது, மாத்திரைகூட நேரத்துக்கு உள்ளே போகும். வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக வரும். பாழாய்ப்போன அந்த மூன்று மாதச் சராசரிப் பரிசோதனைதான் அவரைக் காட்டிக்கொடுக்கும். சிவப்பணு உடம்பில் ஏறக்குறைய நூற்றிருபது நாள் உலவுகிறது. அத்தனை நாளும் சித்தர் தின்றதை எல்லாம் தன்மேல் எழுதி வைத்துக்கொள்கிறது. "லேப்ல ஏதோ தப்பு" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு அவர் மறுபடி மலையேறுவார்.

அப்படி ஒரு ஞாயிறு. வெறுங்காலில் நடந்தால் பூமியின் சக்தி உள்ளங்கால் வழியாக ஏறும் என்று யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். செருப்பைக் காரில் விட்டுவிட்டுக் காபித் தோட்டத்து ஓரமாக நடந்தார். ஒரு வீட்டு வாசலில் எழுபது வயதைத் தாண்டிய ஆயா ஒருத்தி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். சித்தர் விடுவாரா? இந்த மலைக்கே அவர் தேடி வருவது இப்படி ஒரு ஆயாவைத்தான்.

"ஆயா, இந்த வயசுலயும் இவ்வளவு திடமா இருக்கீங்களே, என்ன ரகசியம்?"

ஆயா முறத்தை நிறுத்திவிட்டு அவர் காலைப் பார்த்தாள். "அது கெடக்கட்டும் சாமி. கால்ல ரத்தம் வருதே, தெரியலியா?"

பெருவிரலுக்குக் கீழே ஒரு முள் பாதி உடைந்து நின்றது. வந்த வழியெல்லாம் சிவப்புச் சொட்டு. சித்தர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "வலியே இல்ல பாருங்க! இதான் இயற்கையோட சக்தி!"

ஆயாவுக்கு மலரவில்லை. "முள்ளு குத்துனா வலிக்கணும் சாமி. வலிக்கலன்னா அது சக்தி இல்ல. எனக்கும் சுகருதான். செருப்பில்லாம வாசல் தாண்டாதன்னு மாத்திரை குடுக்க வர்ற பொண்ணு சொல்லியிருக்குது."

"நீங்க மாத்திரை போடறீங்களா ஆயா?"

"போடாம? வூட்டுக்கே கொண்டாந்து குடுக்குது. சுகருக்கு ஒண்ணு, பீபிக்கு ஒண்ணு."

வீட்டுக்கே வரும் அந்த மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வருவது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி அது தொடங்கிய இடம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி. சித்தர் மலையில் மூலிகை தேடி ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், மாத்திரை அவரைத் தாண்டி மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆயா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நாள்பட்ட சர்க்கரை, காலில் உள்ள நரம்புகளைத்தான் பெரும்பாலும் முதலில் கெடுக்கும். வலி தெரியாத இடத்தில் புண் பெரிதாகும். சர்க்கரை கூடினால் ஆறுவதும் தாமதமாகும். அதனால்தான் தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்க்கச் சொல்கிறார்கள், வெறுங்கால் நடையை வேண்டாம் என்கிறார்கள். சித்தரின் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் இரண்டு விரல் எடுத்தார்கள். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. இத்தனை பொடி, இத்தனை குவளை, இத்தனை மலை எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது அந்தப் பயம்தான். பயத்தில் தப்பில்லை. பயத்தில் மனிதன் எதையாவது பிடித்துக்கொள்வான்; இவர் சுவாரசியமானதை எல்லாம் பிடித்துக்கொண்டு, அலுப்பானதை எல்லாம் விட்டுவிட்டார்.

அலுப்பானதுதான் வேலை செய்கிறது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களை மூன்று ஆண்டு கண்காணித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டைச் சரிசெய்து நடந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை மட்டும் போட்டவர்களுக்கு 26.4 சதவீதம். வாழ்க்கைமுறை மாற்றம் மாத்திரைக்குச் சளைத்ததில்லை என்று சித்தர் சொல்வது, நோய் வருவதற்கு முன்னால் முழு உண்மை. வந்த பிறகு இரண்டும் சேர்ந்துதான் வண்டி இழுக்கும். அந்த ஆய்வில் இருந்த மாற்றம் எல்லாம் அளவான சோறு, குறைந்த எண்ணெய், தினசரி நடை. மலைத்தேனும் மரக்குவளையும் அதில் கிடையாது.

2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் என்று கணக்கிட்டது. அவர்களில் சித்தர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணினால் உங்கள் வீட்டிலும் ஒருவர் அகப்படுவார். நீங்களாகவே இருந்தாலும் இருக்கலாம்.

அப்படி இருந்தால் ஒன்றே ஒன்று. வத்தல்மலைக்குத் தாராளமாகப் போங்கள், காற்றும் காபியும் நன்றாக இருக்கும். காலைச் சாப்பாட்டையும் மாத்திரையையும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். செருப்பைக் கழற்றாதீர்கள். சாமை வாங்குங்கள், ஒரு தட்டோடு எழுந்திருங்கள். இறங்கி வந்த பிறகு திங்கட்கிழமையும் நடங்கள்.