ரிட்டையர்டு கைக்கு ஆறு கம்பி

தேவையான பொருட்கள்: அறுபதைத் தொட்ட கை இரண்டு (பத்து விரலும் இருந்தால் நல்லது, ஒன்றிரண்டு குறைந்தாலும் வழியிருக்கிறது, கீழே காண்க). கிட்டார் ஒன்று. அது செட்டில்மென்ட் பணத்தில் வந்தது என்பது வீட்டில் தெரியாமலிருந்தால் உத்தமம். பழைய காட்டன் பனியன் ஒன்று. பேரனோ பேத்தியோ அதிகபட்சம் ஒருவர். மொட்டை மாடி, தேவைக்கேற்ப.

செய்முறை: முதலில் கையைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீங்கள் எண்ணூரில் லாரி பூட்டியவராக இருக்கலாம், திருவொற்றியூரில் புல்லட்டுக்கு இன்ஜின் கோர்த்தவராக இருக்கலாம், காசிமேட்டில் வலை இழுத்தவராக இருக்கலாம். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும். ‘இந்தக் கையை ஒரு கம்பி என்ன பண்ணிடும்?’ என்று கெத்தாகக் கிளம்பாதீர்கள். ஸ்பானரும் கயிறும் காய்ப்பைக் கொடுத்தது உள்ளங்கையில். கிட்டார் கேட்பதோ இடது கை விரல் நுனியில். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் இங்கே செல்லாது. நுனிவிரல் அப்ரன்டிஸாகத்தான் சேர வேண்டும். சில வாரம் எரியும், பிறகு தோல் தடிக்கும். எரிகிற அன்று அதற்குமேல் வாசிக்காதீர்கள். ஓவர்டைம் பார்த்தாலும் பேட்டா கிடையாது.

ஒரு ஆறுதல்: நம்ம வடசென்னைப் பக்கத்துக்கு விரல் எரிச்சல் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீணை குப்பையர் இருந்த ஊர் திருவொற்றியூர். அவருடைய குரு தியாகராஜர் எழுபதைத் தாண்டிய வயதில் இங்கே வந்து, அம்மன்மீது ஐந்து கீர்த்தனை செய்துவிட்டுப் போனார். வீணைக்காரர்களின் இடது கை விரல்களைப் பாருங்கள், கம்பி போட்ட கோடு பள்ளமாகவே இருக்கும்.

அடுத்தது கோளாறு பார்த்தல். விரல் நுனி மூட்டில் முண்டு முண்டாக இருந்தால் தேய்மானம். ராத்திரி தூக்கத்தில் கை மரத்துப் போய் உதறிக்கொண்டு எழுந்தால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதா என்று காட்டவேண்டும். மடக்கிய விரல் மாட்டிக்கொண்டு ‘டக்’கென்று விடுபட்டால் அதற்கு ட்ரிகர் ஃபிங்கர் என்று பெயர், சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும். இவற்றை வீடியோ பார்த்துச் சரிசெய்ய முடியாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தர்ம ஆஸ்பத்திரிதானே என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களிலேயே கைக்கென்று தனி அறுவைப் பிரிவை அங்கே வளர்த்தெடுத்தார். 2018-ல் இரண்டு கையும் இழந்தவருக்கு மாற்றுக் கைகள் பொருத்தியதும் அங்கேதான். நாட்டுக்கே முன்மாதிரியான கை வைத்தியம் பழைய வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. சுற்றிலும் எத்தனை பிரஸ், எத்தனை லேத், எத்தனை வின்ச் என்று எண்ணிப் பார்த்தால் கேட்கவே தோன்றாது.

இப்போது கிட்டார். இங்கேதான் நீங்கள் மயிலாப்பூர் மாணவரை முந்துகிறீர்கள். கம்பியின் தடிமனை இன்றைக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகத்தான் அளக்கிறார்கள், அதாவது ஒர்க்‌ஷாப்பில் நாம் சொல்லும் ‘தௌ’. பன்னிரண்டு செட் என்றால் மெல்லிய கம்பி 12 தௌ. கடைப் பையன் ‘இதுதான் சார் கம்பீரமா இருக்கும்’ என்று அதையே நீட்டுவான். முழுச் சுருதியில் அந்த ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். கம்பீரம் அவனுக்கு, மூட்டுவலி உங்களுக்கு. பத்து செட் கேளுங்கள். இல்லையென்றால் நைலான் கம்பிக் கிட்டாராகவே வாங்குங்கள், அதில் இழுவிசை 40 கிலோ அளவுதான். ஆனால் நைலானுக்குச் செய்த கிட்டாரில் இரும்புக் கம்பியை மாட்டிப் பார்க்காதீர்கள், பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வரும்.

மலிவான கிட்டார்களில் கம்பி தூக்கலாக நிற்கும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு ஃப்ரெட் என்று பெயர். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இடைவெளி 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் வயசான விரலுக்குப் போதும். புதுசாக வரும்போது 3, 4 கூட இருக்கும். பலபேர் தங்கள் கையைத்தான் திட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் ஃபீலர் கேஜை எடுங்கள். பிரிட்ஜின்மேல் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டுக்கு சேடில் என்று பெயர். அதைக் கழற்றி, அடிப்பக்கத்தில் 1 மில்லிமீட்டர் அரம் போட்டால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும். அடிப்பாகம் மட்டமாக வரவேண்டும், இல்லையென்றால் சத்தம் கெடும். மட்டமாக அரம் போட ஃபிட்டருக்கா சொல்லித்தர வேண்டும்? கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடில் மட்டும் ஜாக்கிரதை. ஆலன் கீயால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். போல்ட்டைக் கண்டால் இறுக்குவது உங்கள் பிறவிக்குணம் என்று தெரியும்; அடக்கிக்கொள்ளவும்.

எஃப் கார்டு வரும். ஆட்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பியையும் ஒருசேர அமுக்க வேண்டும். வேண்டாம். முதல் ஃப்ரெட்டில், ஆறு கம்பியையும் தானே அமுக்கும் கேப்போ கிளிப்பை மாட்டி, சுலபமான இ மேஜரைப் பிடியுங்கள், எஃப் வந்துவிடும். ‘இது ஏமாத்து வேலை தாத்தா’ என்று பேரன் சொன்னால், ஜாக்கி வைத்து லாரியைத் தூக்குவதும் ஏமாற்று வேலையா என்று கேளுங்கள்.

இன்னும் வலிக்கிறதா? கட்டையை இறக்குங்கள். குரல் தளர்ந்த பாடகர் அரைக் கட்டை குறைத்துப் பாடினால் ‘அனுபவம்’ என்கிறோம்; விரலுக்கும் அதே மரியாதை உண்டு. ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் தளர்த்தினால் இழுவிசை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஒரு முழு ஸ்வரம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு.

விரல் குறைந்தவர்கள் பகுதிக்கு வருவோம். இங்கிலாந்தில் பர்மிங்காம், நம்ம அம்பத்தூரும் எண்ணூரும் சேர்ந்த மாதிரி ஊர். 1965-ல் டோனி அயோமி என்ற பதினேழு வயசுப் பையன் தகரத் தொழிற்சாலையில் வேலையை விட்டுப் போகிற கடைசி நாளில் மெஷினில் கை கொடுத்தான். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. அவன் இடக்கைக்காரன், கம்பி அமுக்குகிற கையே அதுதான். ஆலை மேனேஜர் ஒரு இசைத்தட்டு கொண்டுவந்து போட்டார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல் நடந்த தீவிபத்தில் இடது கையின் இரண்டு விரல் முடங்கியவர், மிச்ச இரண்டால் அப்படி வாசித்திருந்தார். பையன் பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செய்து, தோல் ஒட்டிக்கொண்டான். மெல்லிய கம்பி மாட்டினான். பின்னால் சுருதியையும் ஒன்றரை ஸ்வரம் வரை இறக்கினான். அவனுடைய பிளாக் சபாத் குழுவின் கனத்த சத்தத்தில் அந்தத் தளர்ந்த கம்பிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எனக்கு இந்தக் கதையில் ஆச்சரியம் வேறு: ஊழியர் வீட்டுக்கு இசைத்தட்டோடு வந்த மேனேஜர்.

உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பனியனால் துடையுங்கள். கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கும் சாலைப் பக்கம் வீடு என்றால், தப்பு ஸ்வரம் யார் காதிலும் விழாது. இந்த வசதி அடையாறில் இல்லை.

பரிமாறும் முறை: ராயபுரத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஒருவர் கேட்பார், “இன்னா நைனா, கிட்டார்லாம் கத்துக்கினியாமே, ‘இளைய நிலா’ வாசி!” 1982-ல் வந்த அந்தப் பாட்டின் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். தினமும் ஸ்டுடியோவில் உட்கார்ந்த கை அது. உங்கள் கையும் தினமும் உட்கார்ந்ததுதான், ஆனால் லேத்தில். மறுக்காதீர்கள், மறுத்தால் வற்புறுத்துவார்கள். கிட்டாரை மடியில் வைத்து, காதைக் கம்பியருகே கொண்டுபோய், ஒவ்வொரு முறுக்காணியாகத் திருப்பத் தொடங்குங்கள். “ஒரு நிமிஷம், சுருதி சேக்குறேன்.” கால் மணி நேரம் தாராளமாக ஓடும். அதற்குள் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்திருப்பார்கள்.