சாம்பிள் இருக்கா சார்?

ஹார்டுவேர் கடைக்காரர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார். கை காலியாக இருந்தால் கேட்பார்: "சாம்பிள் இருக்கா சார்?"

அரை இஞ்ச் குழாய்க்கு ஒரு வாஷர். அவ்வளவுதான் நாம் கேட்டது. "லாங் பாடியா, ஷார்ட் பாடியா? எந்தக் கம்பெனி?" கொல்லைக் குழாயின் குலம் கோத்திரம் யாருக்குத் தெரியும்? அடாப்டர் கேட்டால் இன்னும் சங்கடம். "மேலா, ஃபீமேலா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார்.

சரி, சாம்பிளே கொண்டுபோவோம் என்று மெயின் வால்வை அடைத்து, "தண்ணி எப்ப வரும்?" என்று சமையலறையிலிருந்து குரல் துரத்த, கறுத்துப்போன வாஷரைக் கழற்றிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நெருடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்.

"தேஞ்சுபோச்சே சார். இத வச்சு எப்படி சைஸ் பாக்கறது?"

தேயாத வாஷராக இருந்தால் உங்கள் கடைக்கு நான் ஏன் ஐயா வருகிறேன்?

ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போகிற புத்திசாலிகளின் கதி இதைவிட மோசம். அரை இஞ்ச் குழாயின் மரையை அளந்தால் 21 மில்லிமீட்டர் காட்டும். அதை அங்கே போய்ச் சொன்னால் முதலாளியும் கடைப்பையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அரை இஞ்ச் என்பது அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து இட்ட கணக்கு. குழாய் பிளாஸ்டிக் ஆன பிறகும் கணக்கு மாறவில்லை. மெட்ரிக் முறைக்கு நாடு சட்டம் போட்டது 1956-ல். அந்தச் சேதி இந்தக் கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. இங்கே இன்றும் இஞ்சுக்கு எட்டு நூல்தான்.

இதற்குள் பிளம்பர் ஒருவர் வண்டியை விட்டு இறங்காமலே, "அண்ணே, முக்கா எல்போ நாலு, டெஃப்லான் ஒண்ணு, கணக்குல எழுதிக்கங்க" என்பார். உடனே கிடைக்கும். நாம் ரொக்கத்தை நீட்டியபடி நிற்போம்.

ஆனாலும் மனுஷர் நல்ல மனநிலையில் இருக்கிற நாளில் பார்க்க வேண்டும். கூரை வரை டப்பாக்கள்; ஒன்றிலும் பெயர் கிடையாது. நாம் கொடுத்ததை உள்ளங்கையில் ஒருமுறை உருட்டிவிட்டு, தலையைத் திருப்பாமலே, "மேலேர்ந்து மூணாவது, பிஸ்கட் டப்பா" என்பார். பையன் ஏணியில் ஏறி எடுத்து வருவது அச்சு அசலாக அதேதான். அந்த நிமிஷம் காலில் விழலாம் போலத் தோன்றும்.

ஸ்பிண்டில் கேட்டால் மட்டும் அவருக்கும் கை விரிப்புதான். கம்பெனிக்குக் கம்பெனி ஸ்பிண்டில் தலையில் பல்லின் எண்ணிக்கையை மாற்றி வைக்கிறான். ஒன்றின் கைப்பிடி இன்னொன்றில் உட்காராது. சில வருஷத்தில் அந்த மாடலையே நிறுத்திவிடுகிறான். "ஃபுல் டேப்பா மாத்திடுங்க சார்." உள்ளே ஒரு சின்னச் சாமான் போனதற்குப் பளபளவென்று இருக்கிற பித்தளைக் குழாயைத் தூக்கிப் போட வேண்டுமாம். இது அநியாயம். கம்பெனிக்காரன் எங்கே இருக்கிறானோ, சண்டைக்கு அகப்படுகிறவர் இவர்தான்.

ஸ்க்ரூவும் அப்படித்தான். கதவுக் கீலுக்கு இரண்டே இரண்டு கேட்டேன். "லூஸ்ல தர்றதில்ல" என்று நூறு உள்ள பாக்கெட்டைத் தள்ளினார். எட்டாம் நம்பர், ஒன்றரை இஞ்ச், 98 மீதி இருக்கிறது. வேண்டியவர்கள் வீட்டுக்கு வரலாம்; நான் லூஸில் தருகிறேன்.