ஏழே ஏழு ரவிக்கைத் துணி

ஒட்டுப் போர்வை தைக்கலாம் என்று தோன்றிய அன்றே பீரோவின் அடித்தட்டைத் திறந்துவிடாதீர்கள். வீட்டில் எல்லோரும் வெளியே போகட்டும். இருபது வருடமாக வெற்றிலை பாக்கோடு வந்து சேர்ந்த ரவிக்கைத் துணிகளை ஒருசேரப் பார்த்தால் வீட்டுக்காரர் எண்ண ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பிறகு கடைப்பக்கமே போக முடியாது.

அந்துருண்டை வாசத்தோடு அத்தனையையும் தரையில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். தைத்துப் போட்டுக்கொள்ளக்கூடியவை முதல் குவியல். அது சின்னதாகத்தான் இருக்கும். அடுத்த கொலுவுக்கு யார் தலையிலாவது கட்டக்கூடியவை இரண்டாவது. இதில் மட்டும் யார் கொடுத்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்து, அவர் “அட, இதே டிசைன்ல நானும் ஒண்ணு வெச்சிருந்தேனே!” என்றபோது சுண்டல் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் நான். மூன்றாவது, டெய்லர் விரித்துப் பார்த்து “கைக்குப் பத்தாதும்மா” என்று திருப்பியவை. போர்வைக்கு இவைதான்.

அதிலும் பருத்தியை மட்டும் எடுங்கள். பாலியெஸ்டர் கத்தரிக்கு வழுக்கும், இஸ்திரிக்குச் சுருங்கும். எல்லாவற்றையும் தனித்தனியாக நனைத்து அலசுங்கள். சிவப்புச் சுங்குடிக்குக் கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். போட்டேன். தண்ணீர் கரித்தது, சாயம் தன்பாட்டுக்குப் போனது.

அட்டையில் மூன்றரை அங்குலச் சதுரம் வெட்டி அளவு வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போக மூன்று நிற்கும். அடர்நிறம் ஐந்து, வெளிர்நிறம் நாலு, மாற்றி மாற்றி மூன்று வரிசை வைத்தால் ஒன்பது அங்குலத்தில் ஒரு கட்டம். முதல் வரிசையின் தையல் ஓரங்களை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் மடித்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இதை நான் நாலாவது கட்டத்தில்தான் கண்டுபிடித்தேன்.

உத்தர கன்னடத்துச் சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுப் போர்வையைத் தைப்பதற்கு இந்த அட்டையெல்லாம் கிடையாது. பழம்புடவையை விரித்து, ஓரத்திலிருந்து துண்டு துண்டாக வைத்துத் தைத்தபடியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்துவிடுவார்கள். மூலைக்கு மூலை துணியை மடித்து ஒரு பூவும் வைப்பார்கள். அதற்குக் கையில் வித்தை இருக்கவேண்டும். நமக்கு அட்டைதான்.

இனி கணக்கு. இதைத் தனியாக இருக்கும்போது போடுங்கள். ஒருவர் போர்த்திக்கொள்ள 54க்கு 81 அங்குலம் என்றால் 54 கட்டம், 486 சதுரம். 80 சென்டிமீட்டர் என்று ஒட்டி 75 மட்டுமே இருக்கும் துணியில், 36 அங்குல அகலத்துக்கு 80 சதுரம் தேறும். ஆக, ஏழு துணி போதும்.

என் மூன்றாவது குவியலில் 63 இருந்தன. ஒன்பது போர்வை. சென்னையில்.

இதுவரை நாலு கட்டம் தைத்து ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். மிக்ஸியை மூடி வைக்கக் கச்சிதமாக இருக்கிறது. போன வாரம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்தோம். தாம்பூலப் பையில் தேங்காய்க்கு அடியில் மாம்பழ மஞ்சளில் ஒன்று. 80 சென்டிமீட்டர் என்று ஒட்டியிருக்கிறது.