கதிர்த்திருப்ப நாள் அந்தியைப் படம்பிடித்தல்: தேக்கா வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஜூன் 21 மாலையானால் சிங்கப்பூரில் ஒரு சாரார் கைப்பேசியோடு மேற்கு நோக்கி நிற்கின்றனர். ஆண்டின் மிக நீண்ட பகல் முடிகிறதே, படமெடுக்காமல் விடலாமா என்பது இவர்கள் கட்சி. இதனைப் பூர்வபட்சம் என்க.

நீண்ட பகல் என்பதையே முதலில் ஆராய வேண்டும். லண்டனில் அன்றைய பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். நிலநடுக்கோட்டையொட்டிக் கிடக்கும் சிங்கப்பூரிலோ 12 மணி 12 நிமிடம். டிசம்பரின் மிகக் குறுகிய பகலைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் கூடுதல். தேக்கா சந்தையில் ஒரு தே தாரிக் வாங்கி ஆற்றிக் குடிக்கும் நேரம். அற்றேல், சூரியன் தாமதமாக மறைவதாவது அன்றுதானே எனின், அதுவும் இல்லை. அன்று மறைவது 7.12 வாக்கில், பிப்ரவரி நடுவில் 7.20 வரை நிற்கும். பூமி நீள்வட்டத்தில் ஓடுவதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் குளறுபடி இது. அலுவலகம் விட்டு வருபவர்க்கும் அந்தி கிட்டுகிறதென்றால் அவர் நன்றி சொல்ல வேண்டியது வானத்துக்கன்று, 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிய அரசாங்கத்துக்கு.

இனி, நிற்கும் இடம். அன்று சூரியன் நேர்மேற்கில் மறையாது, வடக்கே இருபத்து மூன்றரைப் பாகை தள்ளி மறையும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி பத்துப் பாகை. மேற்கிலிருந்து வலப்பக்கம் இரண்டரை முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. சிராங்கூன் சாலையின் குறுக்கே போகும் டன்லப் ஸ்திரீட் போன்ற தெருக்கள் நல்வாய்ப்பாக வடமேற்கே சாய்ந்தவை. ஆயினும் இருநூறு மீட்டர் தொலைவில் நாற்பது மீட்டர் உயர வீவக புளோக் ஒன்று நின்றால், சூரியன் மறைவுக்கு முக்கால் மணி நேரத்துக்கும் முன்பே அதன் பின்னால் போய்விடும். ஆதலின் பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் மேல்தளமே சிறந்தது என்பது என் துணிபு. மவுண்ட் ஃபேபர், மரினா பராஜ் என்பார் உளர். அவர்கள் கூட்டத்தில் பிறர் தலைகளைப் படமெடுத்துத் திரும்பக் கடவர்.

கருவியால் இத்துறையினர் கைப்பேசியர், முக்காலியர் என இருவகைப்படுவர். ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிகத் தொலைவில் இருப்பதால், இந்தப் பருவத்துச் சூரியன் ஜனவரிச் சூரியனைவிட மூன்று விழுக்காடு சிறிது. லென்ஸின் குவியத் தூரத்தை 109ஆல் வகுத்தால் உள்ளே விழும் பிம்பத்தின் விட்டம் கிடைக்கும். ஆறு மில்லிமீட்டர் கைப்பேசி லென்ஸுக்கு அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் அதுவும் வெள்ளைத் திட்டாகும். முக்காலியர் 200 மில்லிமீட்டர் லென்ஸில் இரண்டு மில்லிமீட்டருக்குக் கிட்டே பெறுவர். அவர்கள் கர்வத்தின் அளவு தனி ஆய்வுக்குரியது.

ஈண்டுப் பஞ்சாங்கம் குறுக்கிடும். அது தட்சிணாயனத்தை ஆடி முதல் நாளில் வைக்கிறது. வானத்தில் சூரியன் ஆனி ஏழாம் நாள் வாக்கிலேயே திரும்பிவிடுகிறது. விண்மீன் கணக்குக்கும் பருவக் கணக்குக்கும் இடையிலான வித்தியாசமாகிய அயனாம்சம் ஏறக்குறைய 24 பாகையானதன் விளைவு. அப்படியானால் ஜூனில் தவறவிட்டவர் ஆடி ஒன்றில் எடுத்துப் பஞ்சாங்கத்தைச் சாட்சிக்கு அழைக்கலாமே? கூடாது. அதற்குள் மறையும் இடம் இரண்டு பாகைக்கு மேல் தெற்கே நகர்ந்திருக்கும். அது சூரியனின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு. படம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூன் 18 முதல் 24 வரையோ நிலை வேறு. மார்ச்சில் ஒரே நாளில் தன் அகலத்தில் முக்கால் பங்கு நகரும் சூரியன், இந்த வாரம் முழுவதும் அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட அசைவதில்லை. எனவே வாசகர்க்கு என் விண்ணப்பம்: 21ஆம் தேதி மழை என்றால் வீட்டிலேயே இருங்கள். 24ஆம் தேதி எடுத்ததை 21 என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போடுங்கள். படத்திலுள்ள சூரியனை வைத்து எந்த வானியலாளரும் மறுக்க முடியாது. கிழமையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2026இல் ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை கூட்டமில்லாத சிராங்கூன் சாலையைக் காட்டினால் ஒருவரும் நம்பமாட்டார்.