எலிக்குத் தரை, பல்லிக்குச் சுவர்

செல்லமாக எலி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். செல்லமாகப் பல்லி, ஓணான் வகையறாவை வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவர்களுக்கு மனசு தாராளம். கூண்டுக்குள் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது, கண்ணாடித் தொட்டிக்குள் இது பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் இரண்டையும் கூடத்தில் அவிழ்த்துவிட்டால் கூடி விளையாடாதா என்று கேட்கிறார்கள். விளையாடாது என்பது என் கட்சி. பத்திரமாக விளையாடாது என்றல்ல, விளையாடவே விளையாடாது. ஒன்று வேட்டையாடும், மற்றது உயிருக்குப் போராடும், நாம் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்போம். இந்த வழக்கைத் திருத்தணியில் வைத்து விசாரிக்கலாம் என்று நினைக்கிறேன். வெயிலைப் பற்றி அந்த ஊர் சொல்லும் சாட்சியத்தை யாரும் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள். எல்லை வகுப்பதிலும் அதற்கு நேரடி அனுபவம் உண்டு.

முதலில் வெயில். கோடையில் வானிலைச் செய்தி வாசிக்கிறவர்களுக்கு வேலூரும் திருத்தணியும் மனப்பாடம். 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல, தாண்டாவிட்டால்தான் செய்தி. இப்போது செல்லப் பிராணியாக விற்கப்படும் பியர்டட் டிராகன் என்ற தாடி ஓணானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளில் பிறந்து வளர்ந்த சாதி. அதன் உடம்பு தனக்குப் போதுமான சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெளியே காய்ந்து வாங்கினால்தான் கால் நடக்கும், வயிறு செரிக்கும். அதற்காகவே தொட்டியின் ஒரு மூலையில் விளக்கு மாட்டி 40 டிகிரியை ஒட்டிய ஓர் இடத்தை ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள். எலியின் கணக்கு நேர் தலைகீழ். அதற்குள்ளேயே அடுப்பு எரிகிறது, எப்போதும் 37, 38 டிகிரி. உடம்பெல்லாம் வேர்க்கும் வசதி கிடையாது. மிஞ்சிய சூட்டை முக்கியமாக மயிரில்லாத வால் வழியாக வெளியே தள்ள வேண்டும். அறைச் சூடு முப்பதைத் தாண்டிக்கொண்டே போனால் எலி தவித்துத் துவண்டுவிடும். ஆக, மே மாதத் திருத்தணி ஒன்றுக்குச் சுற்றுலாத் தலம், மற்றதற்கு ஆஸ்பத்திரி. கூடத்தைக் குளிர வைத்தால் ஓணான் மந்தமாகி, ஓடவும் முடியாமல் உட்கார்ந்துவிடும். சூடாக்கினால் எலி மல்லாந்துவிடும். இரண்டுக்கும் ஒத்துவரும் தட்பவெப்பம் என்று நடுவில் ஒன்றைப் பிடித்தால், இரண்டுக்கும் ஒத்துவராத தட்பவெப்பம் கிடைக்கும்.

உடம்பு போகட்டும், மனசு ஒத்துப்போகாதா? இங்கேதான் எலியின் தரப்பு பலமானது. எலி உண்மையிலேயே விளையாட்டுப் பிள்ளை. 1990களின் கடைசியில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் யாக் பாங்க்செப் என்ற அறிவியலாளர், ஆய்வுக்கூடத்து எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினார். அரசாங்கச் சம்பளத்தில் இப்படியும் ஒரு வேலை உண்டா என்று பொறாமைப்பட வேண்டாம், அவருக்குக் கிடைத்தது பெரிய விடை. எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்பின. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு கடையைச் சாத்திவிடும் என்பதால், வெறுங்காதுக்கு அது கேட்பதே இல்லை. எலிகள் தங்களுக்குள் விளையாடும்போது எழுப்புவதும் அதே ஒலிதான். மூட்டிய கையைத் தேடி அவை மறுபடி மறுபடி வந்தன. சரி, எலி எப்படி விளையாடும்? பின்னாலிருந்து பாய்ந்து மற்ற எலியின் பிடரியில் மூக்கை நுழைக்கும். அது புரண்டு மல்லாந்து திருப்பித் தள்ளும். உருண்டு புரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறும். இதையே ஒரு பல்லியின் இடத்திலிருந்து பாருங்கள். மயிர் மூடிய, பல் நீண்ட, சூடான ஏதோ ஒன்று பின்னாலிருந்து பிடரிக்குக் குறி வைத்துப் பாய்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பல்லிக் குலத்தில் இதற்கு ஒரே பொருள்தான். அதற்குத் தெரிந்த பதில்கள் மூன்று: அசையாமல் உறைந்துபோவது, கடிப்பது, வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவது. முதல் பதிலைத்தான் நாம் "பாருங்கள், எவ்வளவு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது, பிடித்துப்போய்விட்டது" என்று மொழிபெயர்க்கிறோம். மூன்றாவது பதிலும் இலவசமில்லை. பல பல்லிகள் கஷ்ட காலத்துக்கான கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கின்றன. துடிக்கிற வாலைப் பார்த்து நாம் கைதட்டும் நேரத்தில், அதன் சேமிப்புக் கணக்கு மொத்தமும் தரையில் துள்ளிக்கொண்டிருக்கிறது.

ஊர்வன எதுவுமே விளையாடாது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வாஷிங்டன் உயிரியல் பூங்காவில் கிராகன் என்று பெயரிட்ட கொமோடோ டிராகன் ஒன்று இருந்தது. காப்பாளரின் பையிலிருந்து பொருளை உருவும், வளையங்களையும் செருப்பையும் கவ்வி ஆட்டும். விலங்குகளின் விளையாட்டைப் பற்றி கோர்டன் பர்கார்ட் 2005இல் எழுதிய புத்தகத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் கவனியுங்கள், அது விளையாடியது செருப்போடு. எலி என்பது அந்தக் குடும்பத்துக்குச் சாப்பாட்டு வேளையில் வரும் சமாசாரம்.

யார் யாரைத் தின்பார்கள் என்பதில் ஒரு நியாயம் உண்டு, அது அளவைப் பொறுத்த நியாயம். பல்லி பெரிதாக இருந்தால் எலி காலி. எலி பெரிதாக இருந்தால் பல்லி காலி. நம் வயல்வெளி உடும்புக்கு எலி பலகாரம். மறுபுறம், எலி தானியம் தின்னும் சைவம் என்று நம்பி ஏமாறக் கூடாது. கிடைத்ததைத் தின்னும் சமரச சன்மார்க்கி அது. கப்பலேறி நியூசிலாந்துத் தீவுகளில் இறங்கிய எலிகள், அங்கே நிம்மதியாக வாழ்ந்த பல்லி இனங்களைப் பல இடங்களில் துடைத்தெடுத்தன. எலிகளை ஒழித்த தீவுகளில் பல்லிகள் மறுபடி பெருகின. இதைவிடக் கிட்டத்துச் சான்று பாம்பு வளர்ப்பவர்களிடம் இருக்கிறது. தீனிக்கு உயிருள்ள எலியைப் போடாதீர்கள், கொன்றதைப் போடுங்கள் என்பது அவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை. காரணம் எலியின்மேல் இரக்கம் மட்டுமல்ல. பசியில்லாத பாம்போடு ஒரே பெட்டியில் அடைபட்ட எலி, பாம்பையே கடித்துக் குதறிவிடுகிறது. ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்கள் எலிக்கு. எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். மலைப்பாம்புக்கே இந்தக் கதி என்றால், உள்ளங்கையில் ஏந்தும் லெப்பர்ட் கெக்கோ என்ற செல்லப் பல்லி எம்மாத்திரம்? பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்ற பழமொழியில் எலி எப்போதும் இரண்டாம் பாதியில்தான் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சட்டமும் இந்த இரண்டையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை முதல் அட்டவணையில் ஏற்றி வைத்தது. அதை வீட்டில் கட்டி வைத்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை. எலியையும் சுண்டெலியையும் அதே சட்டம், தீங்கு செய்யும் பிராணிகள் என்று ஐந்தாம் அட்டவணைக்குத் தள்ளியது. 2022 திருத்தம் வந்து அந்தத் தீங்குப் பட்டியலையே எடுத்துவிட்டது, எலிக்குக் கொஞ்சம் மானம் திரும்பியது. அதே திருத்தமும் 2024இல் வந்த விதிகளும் சேர்ந்து, இகுவானா போன்ற அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றன. ஆகவே, கூடத்தில் நடப்பது பட்டா வைத்திருக்கும் பல்லிக்கும் முகவரியே இல்லாத எலிக்கும் இடையிலான சந்திப்பு. விபரீதம் நடந்தால் ஒரு தரப்புக்குத்தான் காகிதம் பேசும். காகிதமே பார்க்காமல் நடுவில் சிக்கும் மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு, அது வீட்டுக் குழந்தை. ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா சர்வ சாதாரணம். எலியிடமும் அது இருக்கும். அதற்கு மேல் எலிக்கடிக் காய்ச்சலும், சிறுநீர் வழியே வரும் எலிக்காய்ச்சலும் எலி தரும் கூடுதல் சீதனம். இரண்டும் உருண்ட பாயில் குழந்தை தவழ்ந்து விரலைச் சூப்பினால், விளையாட்டில் உண்மையாகவே பங்கெடுத்தது அதுதான் என்றாகிவிடும்.

இனி எதிர்க்கட்சி. முதல் ஆட்சேபம் கயிலாயத்திலிருந்து வருகிறது. சிவபெருமான் வீட்டில் பாம்பு, அதற்கு இரையான மூஞ்சூறு, பாம்பைத் தின்னும் மயில், காளை, காளையைத் தின்னும் சிங்கம் எல்லாம் ஒரே கூரையில் ஒற்றுமையாக இல்லையா? இருக்கின்றன. ஆனால் மேற்பார்வைக்கு ஆதி பரம்பொருள் இருக்கிறார்; நம் வீட்டில் மேற்பார்வை செய்கிறவர் பாதியில் எழுந்து காபி கலக்கப் போய்விடுவார். இன்னொன்று, அவ்வளவு தாராளமான அந்தக் குடும்பத்திலும் பல்லியைச் சேர்க்கவில்லை. பல்லிக்கு இடம் கிடைத்தது காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் வீட்டில். தங்கத்திலும் வெள்ளியிலும் கவசம் போட்டு, அதுவும் விதானத்தில். எலியின் கைக்கு எட்டாத உயரம் என்பதைப் பெருமாள் யோசித்திருக்க வேண்டும். திருத்தணி முருகனும் இந்த விஷயத்தில் நிதானஸ்தர். அங்கே அவருக்கு யானை வாகனம். தெய்வானைக்குச் சீதனமாக இந்திரன் கொடுத்த ஐராவதம். மாமனார் வீட்டு நினைப்பு அதற்கு இருக்கட்டும் என்று இந்திரலோகம் பார்த்து வெளிப்பக்கம் திரும்பி நிற்கவிட்டிருக்கிறார். சூரனை வென்ற சினம் தணிந்து அவர் அமர்ந்த தலம் என்பதால், கந்தசஷ்டிக்கு மற்ற கோயில்களில் நடப்பதுபோல் அங்கே சூரசம்ஹாரமும் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். போர் நடத்திக்காட்ட உரிமை உள்ள சாமியே வேண்டாம் என்று விட்டிருக்கும்போது, நாம் ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எதற்குச் சம்ஹாரம் வைக்க வேண்டும்?

இரண்டாவது ஆட்சேபம் அறிவியல் உடுத்தி வருகிறது. குட்டியிலிருந்தே சேர்த்து வளர்த்தால் பழகிவிடாதா? இதற்கு ஆதாரமும் உண்டு. சீன அறிவியலாளர் குவோ 1930இல் பூனைக்குட்டிகளை எலிகளோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார். அவற்றில் பெரும்பாலானவை எலிகளைக் கொல்லவில்லை. ஆனால் பூனை தாய்ப்பால் குடித்து, தாயைப் பார்த்துக் கற்று, உறவு என்றால் என்னவென்று தெரிந்து வளரும் பிராணி. நாம் வளர்க்கும் பல்லிகளில் பெரும்பாலானவை தாய் முகமே பார்க்காதவை. முட்டையைப் பிளந்து வெளியே வந்த நிமிஷத்திலிருந்து அதற்குத் தெரிந்த பிரிவுகள் நான்கு: தின்னக் கூடியது, தின்ன வரக்கூடியது, தன் இனம், மற்றதெல்லாம் தரை. நம் கையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறதே என்றால், நம்மைத் தரை என்ற பிரிவில் சேர்த்துவிட்டது என்று பொருள். அது பெரிய கௌரவம். எலி அந்தப் பிரிவில் அடங்காது, அது ஓடும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கொஞ்சம் கனமானது. நம் வீடுகளில் பல்லியும் எலியும் காலங்காலமாகச் சேர்ந்துதானே வாழ்கின்றன, எந்தப் பல்லி செத்தது, எந்த எலி செத்தது? நல்ல கேள்வி, இதற்குத்தான் திருத்தணி வேண்டும். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் போராடியது, எல்லைத் தகராறைத் தீர்க்க நடுவராகப் படாஸ்கர் வந்தார், கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மை பேசும் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்துக் கோடு போட்டார். 1959இல் சட்டமாகி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. நம் வீட்டுப் பல்லியும் எலியும் இதே போன்ற ஓர் ஒப்பந்தத்தில்தான் வாழ்கின்றன. காரை பூசிய வழவழப்பான சுவரில் எலிக்குப் பிடிப்பில்லை; பல்லியின் விரலடிக்கு அது ராஜபாட்டை. ஆகவே சுவரும் டியூப் லைட்டும் பல்லிக்கு, தரையும் அரிசி மூட்டையும் எலிக்கு, பரண் மட்டும் இன்னும் தீராத பிரச்சினைக்குரிய பகுதி. அவை சேர்ந்து வாழவில்லை, பிரிந்து வாழ்கின்றன, அதனால்தான் வாழ்கின்றன. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதில் எலியின் கருத்தும் அடங்கியிருக்கிறது. பல்லி விழும் பலன் போடும் பஞ்சாங்கங்கள் தலை, தோள், முதுகு என்று மனித உடம்பை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கின்றன. எலிக்கு முன்னால் விழுந்தால் பல்லிக்கு என்ன பலன் என்று எதிலும் நான் பார்த்ததில்லை. அதைக் கணிக்க ஜோதிடர் எதற்கு?

எல்லை போட்ட பிறகும் திருத்தணியில் தமிழும் தெலுங்கும் கலந்துதானே புழங்குகின்றன, திருப்பதிப் பேருந்தும் சென்னைப் பேருந்தும் ஒரே ஊரில்தானே நிற்கின்றன என்று மடக்கலாம். உண்மைதான். ஆனால் அந்த இரு தரப்பாரும் ஒரே கடையில் டிபன் சாப்பிடுகிறவர்கள்; ஒருவர் மற்றவருக்கு டிபன் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தை மறந்துவிட்டு, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக, சும்மா இருக்கிற இரண்டு பிராணிகளுக்கு நட்பு ஏற்படுத்த நாம் கிளம்புகிறோம். எலிக்கும் பல்லிக்கும் நட்பு தேவைப்படவில்லை. சலிப்பு நமக்கு, அதற்கு விளையாட்டு நேரம் என்று அவற்றின் பெயரில் மனுப் போடுகிறோம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வேளையைப் பிரித்துவிடுங்கள். காலையில் ஓணானுக்குக் கூடம், இரவில் எலிக்குக் கூடம். நடுவில் தரையைத் துடையுங்கள், ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றதைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலியின் வாசனை காற்றில் வராத அறையில் ஓணானின் தொட்டி இருக்கட்டும். ஓணானுக்குத் துணை வேண்டியதில்லை. நல்ல விளக்கும் தனிமையும் கிடைத்தால் அது ஆயுள் முழுக்கத் திருப்தியாக இருக்கும். எலிக்குத்தான் துணை வேண்டும், தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் பிராணி அது. அந்தத் துணை இன்னொரு எலியாக இருக்கட்டும்; பிடரியில் பாய்ந்தால் சிரிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அதுதான். வாங்கும்போது இரண்டும் ஒரே பால்தானா என்று கடைக்காரரை நம்பாமல் நன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். எலியின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 22 நாள், ஒரு பிரசவத்துக்குப் பத்துக் குட்டி வரை சாதாரணம். அதற்கப்புறம் பல்லியோடு விளையாட விடுவதா வேண்டாமா என்று யோசிக்க உங்களுக்கு நேரமே இருக்காது.