புது விசில்

புதுக் கண்டக்டர் வந்திருப்பதை எங்கள் ஊர் விசிலைக் கேட்டே கண்டுபிடித்துவிடும். பழையவர்கள் ஊதுவதே இல்லை. பல்லிடுக்கில் அதுபாட்டுக்கு ஒரு சத்தம் வரும், வண்டி நின்றுவிடும். புதியவர் டிரில் மாஸ்டர் மாதிரி ஊதுவார். படிக்கட்டில் நிற்கிறவன் காதைப் பொத்திக்கொள்வான். போன வாரம் அப்படியொரு விசில் தேவிகாபுரத்துக்குள் நுழைந்தது. தறியில் உட்கார்ந்திருந்த என் மாமா நாடாவை நிறுத்திவிட்டு, "புது ஆளுடா" என்றார்.

இந்த வேலைக்கு வருவது லேசில்லை. 2025 மார்ச்சில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநர் உடன் நடத்துநர் இடங்களுக்கு அறிவிப்பு விட்டன. எங்கள் பக்கம் வண்டி விடும் விழுப்புரம் கழகத்துக்கு அதில் 322. ஒரே ஆளுக்கு ஓட்டவும் தெரியவேண்டும், சீட்டுக் கிழிக்கவும் தெரியவேண்டும். (இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லவில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.) பத்தாம் வகுப்பு, கனரக லைசென்ஸ், கண்டக்டர் லைசென்ஸ், 160 சென்டிமீட்டர் உயரம், 50 கிலோ எடை. எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் எல்லாம் இருந்தது, எடையைத் தவிர. பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கண் கூர்மையாக இருக்கும். சதை எங்கிருந்து வரும்? அவன் அம்மா வாழைப்பழமும் வேர்க்கடலையுமாகத் திணித்து 51 கிலோவுக்குக் கொண்டுவந்தார். ஜூலை 27-ல் நடந்ததோ எழுத்துத் தேர்வு. அங்கே யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. அத்தனை வாழைப்பழமும் வீணாய்ப் போன வருத்தம் அந்த அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை.

தேர்வானவர்களை வரவேற்கிற வேலையைக் கழகம் டிப்போவோடு முடித்துக்கொள்கிறது. தோளில் பை, கையில் டிக்கெட் மெஷின், நாலு புத்திமதி. மிச்ச வரவேற்பு எங்கள் பொறுப்பு.

அந்த விசிலைக் கேட்ட மறுநாள், ஆரணியிலிருந்து திரும்பும்போது மாமாவும் நானும் அந்தப் புதுக் கண்டக்டர் தம்பியின் வண்டியில்தான் ஏறினோம். முதல் மரியாதை ஐநூறு ரூபாய் நோட்டு. ஏறியவர்களில் நாலு பேர் வரிசையாக அதையே நீட்டினார்கள், சொல்லிவைத்தது போல. பையைத் துழாவித் துழாவித் தம்பிக்கு நெற்றி வேர்த்துவிட்டது. அதற்குள் அவர் கண் மாமாவின் மடியில் இருந்த பாவுக் கட்டின் மேல் விழுந்தது.

"ஐயா, இதுக்கு லக்கேஜ் போடணும்."

"இன்னாபா தம்பி, இது லக்கேஜா? மூணு கல்யாணப் புடவை!"

"புடவையா? நூலுதான் தெரியுது."

"நெய்யறதுக்கு முன்னாடி நூலாத்தான் தெரியும். இதையே புடவையா யாராவது கட்டிக்கிட்டு வந்தா லக்கேஜ் கேப்பியா?"

வண்டியே விவாதத்தில் இறங்கியது. மடியில் இருந்தால் பை, கீழே வைத்தால்தான் லக்கேஜ் என்றார் ஒருவர். பின்சீட்டில் ஒரு பெரியவர், கறிவேப்பிலைக் கட்டுக்குத் தன்னிடம் லக்கேஜ் வாங்கிய பழைய கதையை எடுத்தார். ஜன்னலோரம் இருந்த பாட்டிதான் தீர்ப்புச் சொன்னார்: "கட்டிக்கிறவளுக்கே டிக்கெட் கிடையாது, புடவைக்கு எதுக்குடா கண்ணு?"

பாட்டி சொன்னதில் சட்டம் இருந்தது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. ஆனால் சீட்டு உண்டு. காசில்லாத அந்தச் சீட்டுக்காகப் புதுக் கண்டக்டர்கள் படுகிற பாடு, காசுச் சீட்டுக்குக்கூடப் படுவதில்லை. தம்பி பாட்டியிடம் ஒரு சீட்டை நீட்டினார்.

"காசே வாங்கலை, சீட்டு எதுக்கு?"

"எத்தனை பேர் வந்தாங்கன்னு கணக்கு, பாட்டி. அதை வெச்சுத்தான் அரசாங்கம் கழகத்துக்குப் பணம் தரும். செக்கிங் வந்தாலும் கேப்பாங்க."

"ஓ, என்னால உங்களுக்கு வருமானமா?" பாட்டிக்குத் திடீரென்று நிமிர்வு வந்துவிட்டது. சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப் பையில், பெரியநாயகி அம்மன் குங்குமப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டார். வீட்டில் இதுபோல எத்தனை வைத்திருக்கிறாரோ!

லக்கேஜ் வழக்கு அதோடு மறந்துபோனது. மாமாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. புதுப் பாவைத் தறியில் ஏற்றும்போது பழைய பாவை முழுக்க அறுத்து எடுத்துவிடமாட்டோம். அச்சில் நிற்கிற பழைய இழைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்போம். ஆயிரக்கணக்கான இழை; அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது. "இந்தப் பையனுக்கு இன்னைக்கு நாலு இழைதான் பிணைஞ்சிருக்கு" என்றார் மாமா. தேவிகாபுரத்தில் இறங்கியதும் தம்பிக்கு ஒரு டீ வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினார். லக்கேஜ் கட்டணத்தைவிட அது குறைவாகத்தான் இருக்கும். மாமா கணக்கில் கெட்டிக்காரர்.

தம்பி டீயைக் குடித்துவிட்டு விசிலை எடுத்து ஊதினார். கனககிரி மலைக்கே கேட்டிருக்கும்.

அன்றைக்கு என் டிக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் குறைந்தது. "பரவாயில்லண்ணே, நாளைக்குக் குடுங்க" என்று அவரே தன் கைக்காசைப் போட்டார். நாளை வந்து ஒரு வாரம் ஆகிறது. என்னிடம் இருப்பதெல்லாம் ஐநூறு ரூபாய் நோட்டுதான். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரிடமாவது இரண்டு ரூபாய் சில்லறை இருந்தால், என் பேரைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.