மாதச் சம்பளமா, காப்பிப் பழமா?

கேள்வி: மொபைலில் வரவு செலவு செயலி ஒன்றைப் போட்டேன். ‘மாத வருமானம் எவ்வளவு?’ என்று கேட்கிறது. எனக்கு இருப்பதோ மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். என்ன போடுவது?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: செயலிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றாம் தேதி சம்பளம்தான். உங்கள் சேர்வராயன் மலையில் பணம் பழுப்பது நவம்பருக்கு மேல்தானே! (1820-களில் காப்பியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன், மாதச் சம்பளத்தையும் சேர்த்து நட்டிருக்கலாம்.) காப்பி, மிளகு விற்ற தொகையை 12-ஆல் வகுத்துப் போடுங்கள், அதுவும் மழை ஏமாற்றிய ஆண்டின் தொகையை. இன்னொன்று, இச்செயலிகளில் பல வங்கி எஸ்எம்எஸ் பார்த்தே கணக்கு எழுதுபவை. பழம் பறித்தவர்களுக்கு ரொக்கமாகக் கொடுத்த கூலி அவற்றின் கண்ணில் படாது. அன்றிரவே நீங்கள்தான் தட்டவேண்டும். தள்ளிப்போட்டால், சேலத்தில் பையில் இருந்த 500 ரூபாய் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதில் விழுந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.